வண்டியில் எந்த அளவு ஒயர், எந்த ஃபியூஸ், எப்படி இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபாக் லேம்ப், ஹாரன், ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், டிரெய்லர் விளக்கு என்று வண்டியில் எதைக் கூடுதலாகப் பொருத்தினாலும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் 12 வோல்ட் வண்டிக்கு, செம்பு ஒயருக்கு.

12 வோல்ட் தொட்டாலும் ஷாக் அடிக்காதே, அதில் என்ன ஆபத்து?

ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கும். வீட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கிறது. அதே 60 வாட் ஹெட்லைட் பல்பு வண்டியில் 5 ஆம்பியர் இழுக்கிறது. ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர். வோல்ட் குறைவாக இருப்பதாலேயே வண்டி ஒயருக்குச் சுமை அதிகம். போதாததற்கு, ஒரு கார் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயர் உரசி பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வழியில் ஃபியூஸ் இல்லையென்றால் சில நொடிகளில் ஒயரின் மேலுறை உருகிப் பக்கத்து ஒயர்களையும் சேர்த்து எரிக்கும். அருகிலேயே பெட்ரோல் குழாயும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஒயர் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கணக்கு போட வேண்டும். பெரும்பாலோர் முதல் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் கணக்கு சூடு. வாட்டை 12 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அந்த ஆம்பியரை ஒயர் சூடாகாமல் தாங்க வேண்டும். கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, இன்ஜின் சூட்டிலும் கிடக்கப்போகிற ஒயருக்குச் சற்றுத் தாராளமாகவே எடுக்க வேண்டும். நாங்கள் பின்பற்றும் அளவு இது: 0.75 ஸ்கொயர் ஒயருக்கு அதிகபட்சம் 7.5 ஆம்பியர் ஃபியூஸ், 1 ஸ்கொயருக்கு 10, ஒன்றரைக்கு 15, இரண்டரைக்கு 20, 4 ஸ்கொயருக்கு 30, 6 ஸ்கொயருக்கு 40. (ஸ்கொயர் என்று கடையில் சொல்வது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.) கேபிள் கம்பெனி அட்டவணைகளில் இதைவிடக் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். அது காற்றோட்டமாகத் தனியே கிடக்கும் ஒயருக்கான அளவு.

இரண்டாவது கணக்கு வோல்ட் இழப்பு. நீளமான ஒயரின் கடைசியில் 12 வோல்ட் முழுசாகப் போய்ச் சேராது. 0.018 ஐ ஒயரின் மொத்த நீளத்தாலும் (மீட்டரில்) ஆம்பியராலும் பெருக்கி, ஸ்கொயர் அளவால் வகுத்தால் எத்தனை வோல்ட் வழியில் தொலைகிறது என்று தெரியும். மொத்த நீளம் என்பது போகிற ஒயரும் திரும்பி வருகிற ஒயரும் சேர்ந்தது.

ஒரு உதாரணம். டிராக்டரின் பின்பக்கம் 55 வாட் வேலை விளக்கு இரண்டு, பேட்டரியிலிருந்து 4 மீட்டர், பாசிட்டிவும் நெகட்டிவும் தனித்தனி ஒயர். 110 வாட், அதாவது 9.2 ஆம்பியர். மொத்த நீளம் 8 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் 0.88 வோல்ட் இழப்பு, இரண்டரை போட்டால் 0.53, 4 ஸ்கொயர் போட்டால் 0.33. ஒன்றரை ஸ்கொயர் 9.2 ஆம்பியரைச் சூடாகாமல் தாங்கும். முதல் கணக்கில் பாஸ். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும். 10 சதவீத வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய 30 சதவீத வெளிச்சம் போய்விடும். இங்கே 0.88 வோல்ட் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய விளக்கு மங்கலாக எரிகிறது என்ற புகார் பலவற்றுக்கும் காரணம் ஒயர்தான்.

விளக்கு, பம்பு, இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இழப்பை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன உதாரணத்துக்கு 4 ஸ்கொயர்தான் சரி. நெகட்டிவைப் பக்கத்திலேயே சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) நல்ல எர்த்தாகக் கொடுத்தால் நீளம் பாதியாகும், இரண்டரை ஸ்கொயர் போதும்.

கடையில் 23/36, 40/36 என்கிறார்கள், ஸ்கொயர் சொல்வதில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒரு இழையின் கேஜ். 36 கேஜ் இழை 0.193 மில்லிமீட்டர் கனம். அதன்படி 14/36 என்பது 0.41 ஸ்கொயர், 23/36 என்பது 0.67, 40/36 என்பது 1.17. இழை கனம் தெரிந்தால் எந்த ஒயரையும் நீங்களே கணக்கிடலாம்: கனத்தை அதனாலேயே பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 0.25 மில்லிமீட்டர் இழை 30 இருந்தால் 1.47, அதாவது ஒன்றரை ஸ்கொயர்.

மேலுறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரல் தடிமன் பிவிசிக்குள் நான்கு இழை செம்பு வைத்து விற்கிற ஒயர்களும் உண்டு. முனையைச் சீவி உள்ளே பார்த்த பிறகே வாங்குங்கள்.

சீவும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். ஒரு இழையை பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். வெளியே சிவப்பு, சுரண்டினால் உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஆம்ப்ளிஃபயர் ஒயரிங் கிட்டுகளில் இது நிறைய வருகிறது. அதே அளவு செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை. கிரிம்ப் செய்த, அதாவது உலோக முனைக்குள் வைத்து அழுத்திய, இடத்தில் நாளாவட்டத்தில் தளர்ந்தும் போகும். மாறாக, வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. கடலோர ஊர்களில் ஓடும் வண்டிக்கு அதைவிட நல்ல ஒயர் கிடையாது.

வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய மீதி ஒயரைப் போடலாமா?

போட வேண்டாம். வீட்டு ஒயரின் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். இன்ஜின் அறையில் ரேடியேட்டர் பக்கம் அதைவிடச் சூடு வரும். எண்ணெயும் டீசலும் பட்டால் உறை ஊறிப்போகும். இழை தடிமனாக இருப்பதால் அதிர்வில் சீக்கிரம் முறியும். வாகனங்களுக்கென்றே தயாராகும் ஒயர் கேளுங்கள். உறை மெல்லியதாக இருந்தாலும் 100 டிகிரிக்கு மேல் தாங்கும் ரகம் கிடைக்கிறது. ஒற்றைக் கம்பி ஒயரை வண்டியில் எந்த இடத்திலும் போடக் கூடாது.

ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் போடுவது? எங்கே வைப்பது?

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. விளக்கையோ ஹாரனையோ காப்பாற்ற அது வைக்கப்படவில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி பிழைகள் நடக்காது. சாதனம் இழுக்கும் ஆம்பியரைப் போல் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு எடுங்கள். அது ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. 9.2 ஆம்பியர் விளக்குகளுக்கு 11.5 முதல் 13.8 வரை வருகிறது; அதற்கு அடுத்துக் கிடைக்கும் அளவான 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸுக்குப் பிறகு ஒயர் எத்தனை கிளையாகப் பிரிந்தாலும், அதில் மிக மெல்லிய கிளையும் அந்த 15 ஆம்பியரைத் தாங்க வேண்டும். மெயினுக்கு இரண்டரை ஸ்கொயர் போட்டுவிட்டு, ஒவ்வொரு விளக்குக்கும் 0.5 ஸ்கொயர் கிளை இழுப்பது அடிக்கடி பார்க்கும் தவறு.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

பிளேடு ஃபியூஸின் நிறமே அதன் அளவு: 5 வெளிர் பழுப்பு, 7.5 அடர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. ஒரு சைஸ் பெரியது போடலாமா?

கூடாது. ஃபியூஸ் போவது நோயின் அறிகுறி. போட்டவுடனே போனால் எங்கோ ஒயர் நேராக பாடியில் படுகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் மட்டும் போனால் எங்கோ உறை தேய்ந்து விட்டு விட்டுப் படுகிறது; கதவுக் கீல், ஸ்டியரிங் அடி, டிக்கிக் கதவு மடங்கும் இடங்களை முதலில் பாருங்கள். சில நிமிடம் ஓடிய பிறகு போனால் சுமை அதிகம் அல்லது மோட்டார் இறுகிவிட்டது. போன ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுவதும், ஒயர் இழையை முறுக்கிச் சொருகுவதும் அந்த ஒயரையே ஃபியூஸாக்கிவிடும். அது எரியும்போது டேஷ்போர்டுக்குள் எரியும்.

ரிலே அவசியமா? எப்படி இணைப்பது?

ரிலே என்பது சிறிய கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச். ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் எதற்கும் அவசியம். ஹாலஜன் பல்பு குளிர்ந்திருக்கும்போது போட்டவுடன் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அந்த அடியை டேஷ்போர்டு சுவிட்சின் சிறிய முனைகள் தினமும் தாங்காது, கருகிவிடும். ரிலே வைத்தால் சுவிட்ச் வழியாக 0.2 ஆம்பியருக்குள்தான் போகும்.

சாதாரண நான்கு முனை ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர். 87 லிருந்து விளக்குகளுக்கு அதே தடிமன். 86 க்கு சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயர், 0.75 ஸ்கொயர் போதும், அதற்கென்று 3 ஆம்பியர் ஃபியூஸ் தனியாக. 85 பாடி எர்த்துக்கு. ஐந்தாவதாக 87ஏ என்று ஒன்று இருந்தால் அது ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 உடன் சேர்ந்திருக்கும் முனை. விளக்கை அதில் சொருகினால் சுவிட்சை அணைத்தால் எரியும், போட்டால் அணையும். சில ரிலேக்களின் உள்ளே டயோடு (கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருக்கும். அவற்றில் 86 கட்டாயம் பாசிட்டிவாக இருக்க வேண்டும், மாற்றினால் டயோடு போய்விடும்.

ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். மேல்நோக்கி வைத்தால் மழைநீரும் வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் சாக்கெட்டுக்குள் தேங்கிப் பச்சை பூத்துவிடும்.

முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

ஒயர் அளவும் ஃபியூஸும் சரியாக இருந்தும் வண்டி நின்றுபோகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இந்த இணைப்புதான். முறுக்கிய செம்பு இழைகள் அதிர்வில் தளரும், ஈரத்தில் கறுக்கும். அந்த இடத்தில் வெறும் 0.05 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 9.2 ஆம்பியர் பாயும்போது 0.46 வோல்ட் அங்கேயே தொலையும். 4 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு முடிச்சில் உண்டாகும். ஒரு பார்க்கிங் பல்பு 5 வாட். எரிகிற பார்க்கிங் பல்பை டேப்புக்குள் வைத்துச் சுற்றியது போலத்தான். டேப்பின் பசை இளகி வழியும், டேப் நழுவும், உள்ளே செம்பு வெளியே தெரியும். ஃபியூஸ் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஆம்பியர் கூடவே இல்லை.

சரியான வழி கிரிம்பிங். முதலில், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஒயரில் ஏற்றித் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அடித்த பிறகுதான் பலருக்கும் ஸ்லீவ் ஞாபகம் வரும். ஒயரின் உறையை லக்கின் குழாய் நீளத்துக்கு, சிறிய லக்குகளுக்கு ஆறேழு மில்லிமீட்டர், உரிப்பானால் உரியுங்கள். பல்லால் கடித்தோ பிளேடால் சுற்றி அறுத்தோ உரித்தால் வெளி இழைகள் வெட்டுப்படும். 30 இழையில் ஆறு போனால் ஒயர் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது. வெறும் லக்கில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி உறையைப் பிடிக்க. பின் ஜோடியை மடக்காமல் விட்டால் அதிர்வெல்லாம் செம்பின் மேல் விழுந்து, சில மாதத்தில் கழுத்திலேயே முறியும். உறையிட்ட லக்குகளில் சிவப்பு ஒன்றரை ஸ்கொயர் வரை, நீலம் இரண்டரை வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அதற்கென்று உள்ள கருவியின் பல்லில் வைத்து அழுத்த வேண்டும். அழுத்தியதும் லக்கை ஒரு கையிலும் ஒயரை மறு கையிலும் பிடித்துப் பலமாக இழுங்கள். உருவிக்கொண்டு வந்தால் இப்போதே வரட்டும்.

16 ஸ்கொயருக்கு மேற்பட்ட பேட்டரி கேபிளின் லக்கைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்காதீர்கள். பெரிய பேட்டரிக் கடைகளில் ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கும், கேபிளைக் கொண்டுபோய் அடித்து வாங்கிவிடலாம்.

சால்டரிங் இன்னும் நல்லதில்லையா?

நிலையான கருவிக்குள் நல்லது. வண்டியில் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சி போல விறைக்கச் செய்யும். விறைத்த பகுதியும் வளையும் பகுதியும் சேரும் இடத்தில் அதிர்வு வேலை செய்து முறிக்கும். சால்டர் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்த இணைப்பின் இருபுறமும் ஒயரை அசையாமல் கட்டி வையுங்கள்.

ஓடுகிற ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற டேப்பிங் கிளிப்பையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளிருக்கும் தகடு உறையோடு சேர்த்துச் சில இழைகளையும் வெட்டும், அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும்.

எர்த் எங்கே கொடுப்பது?

நெகட்டிவும் பாசிட்டிவ் அளவு தடிமன்தான் இருக்க வேண்டும். போல்ட்டு போடும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, லக், பல் வாஷர், போல்ட்டு என்று இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஸ்கொயர் கணக்கெல்லாம் சரியாகப் பார்த்துவிட்டு, பெயின்ட்டின் மேல் எர்த்தை வைத்துவிட்டால் அத்தனையும் வீண். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? எர்த் போய்விட்டது, கரன்ட் வேறு பல்பு வழியாகத் திரும்புகிறது.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை விளக்கின் எர்த் முனையிலும் வைத்து விளக்கைப் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்று. 0.5 காட்டினால் எங்கோ துரு. விளக்கு எரியாதபோது இந்தச் சோதனை எதையும் காட்டாது.

டிரெய்லருக்குக் கொக்கி வழியாக எர்த் எடுக்கக் கூடாது. கொக்கியின் ஆணியில் கிரீஸ் இருக்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் தொடர்பு விட்டுப் போகும், பிரேக் லைட்டும் கூடவே அணையும். இரவில் பின்னால் வருகிறவர் உயிர் அந்த விளக்கில் இருக்கிறது. பிளக்கிலேயே தனி எர்த் ஒயர் கொண்டுபோங்கள்.

காரில் 600 வாட் இன்வெர்ட்டர் வைக்க எந்தக் கேபிள்?

600 ஐ 12 ஆல் வகுத்தால் 50. இன்வெர்ட்டரிலேயே வீணாவதையும் சேர்த்தால் 60 ஆம்பியர் பக்கம் வரும். பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 6 மீட்டர். 16 ஸ்கொயரில் 0.4 வோல்ட் இழப்பு, 25 ஸ்கொயரில் 0.26. ஆகவே 25 ஸ்கொயர், பேட்டரி ஓரத்தில் 80 ஆம்பியர் ஃபியூஸ். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இதைச் சொருகவே கூடாது; அதன் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான், 120 வாட் பக்கம் அதன் எல்லை.

லாரி, பஸ் 24 வோல்ட். அதற்கு என்ன மாற்றம்?

அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர். வோல்ட் இழப்பின் சதவீதம் நான்கில் ஒரு பங்காகிவிடும். நீளமான லாரிகளுக்கு 24 வோல்ட் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 12 வோல்ட் டேப் ரெக்கார்டரோ ஃபேனோ வைக்க இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுக்காதீர்கள். அந்த ஒரு பேட்டரி எப்போதும் குறைசார்ஜில் கிடக்கும், மற்றது கூடுதல் சார்ஜாகிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போகும். 24 லிருந்து 12 க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வையுங்கள்.

புதிய கார்களில் இருக்கும் ஒயரில் கை வைக்கலாமா?

விளக்கு ஒயர்களைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது, நடுவில் வெட்டி இணைத்தால் கோளாறு விளக்கு எரியும். ஃபியூஸ் பெட்டியில் சொருகிக் கூடுதல் இணைப்பு எடுக்க உதவும் ஃபியூஸ் டேப் வழியாகவோ, நேராகப் பேட்டரியிலிருந்தோ எடுங்கள். மஞ்சள் உறையிட்ட ஒயர்கள் ஏர்பேக்கினுடையவை. அவற்றை வெட்டவும் வேண்டாம், டெஸ்ட் லேம்ப்பால் குத்தவும் வேண்டாம்.

பைக்கிலும் இதே கணக்கா?

கணக்கு அதேதான். ஆனால் பழைய பைக்குகள் சிலவற்றில் ஹெட்லைட் ஒயரில் வருவது ஏசி கரன்ட் (திசை மாறிமாறிப் பாயும் மின்சாரம்). அதில் எல்இடி கொடுத்தால் மினுமினுக்கும், சீக்கிரம் போகும். பேட்டரியிலிருந்து ரிலே வழியாகக் கொடுங்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரியை எப்படிக் கழற்றுவது? ஒயரை எப்படிக் கொண்டுபோவது?

நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டதும் ஸ்பேனரே சிவக்கும்.

தகட்டின் ஓட்டை வழியே போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் கட்டாயம். சைலன்சர், மேனிஃபோல்டு பக்கம் போகாதீர்கள். எரிபொருள் குழாயோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நெளி பைப்புக்குள் விட்டு ஒரு சாணுக்கு ஒரு டை போடுங்கள். எலித்தொல்லை உள்ள இடத்தில் நெளி பைப் முழுப் பாதுகாப்பு இல்லை, மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள்.

புதிதாக இணைத்த பிறகு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

அணைத்த பிறகும் எதுவோ கரன்ட் இழுக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். அந்த நேரத்தில் சாவி போடக் கூடாது, ஸ்டார்ட்டும் செய்யக் கூடாது, மீட்டர் போய்விடும். கதவுகளைப் பூட்டி அரைமணி நேரம் கழித்து 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 0.2 காட்டினால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் மணி போகிறது; 35 ஆம்பியர் மணி பேட்டரி நான்கைந்து நாளில் ஸ்டார்ட்டர் சுற்றாத நிலைக்கு வந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்தச் சர்க்யூட்தான். புது ரிலேயின் 86 ஐ நேராகப் பேட்டரியோடு கொடுத்துவிட்டு, சுவிட்சை அணைக்க மறந்தாலும் பேட்டரி இறங்கிவிடும். அந்த ஒயரைச் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிடுங்கள்.